கணினி கேள்வி–பதில்: மொழி மாறியதும் கூட்டுத்தொகை மாறுவதேன்?

கேள்வி: மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையிலுள்ள ஒரு கமிஷன் கடைக்காக, சி மொழியில் இருந்த பழைய கணக்கு நிரலைப் பைத்தானுக்கு மாற்றி வருகிறேன். எடையை எண்ணாக்கப் பழைய நிரல் ‘ஏ டு ஐ’ (atoi) என்ற சி மொழிச் செயற்கூற்றைப் பயன்படுத்தியது. அந்த இடத்தில், அதே வேலையைச் செய்யும் பைத்தானின் ‘இன்ட்’ (int) போட்டேன். சில வரிகளில் ‘வேல்யூ எரர்’ (மதிப்பு தவறு என்னும் பிழைச்செய்தி) வந்து நிரல் நின்றதால், பிழை வந்தால் சுழியம் என்று கொள்ளும்படி எழுதினேன். இப்போது நிரல் ஓடுகிறது, ஆனால் மொத்த எடை பழையதைவிடக் குறைகிறது. காரணம் என்ன?
— ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: நீங்கள் சேர்த்த அந்தச் சுழியம்தான் காரணம். ‘25 கிலோ’ என்ற சரத்தை (எழுத்துகளின் வரிசையை) ‘ஏ டு ஐ’ இடமிருந்து படித்து, இலக்கம் முடிந்த இடத்தில் நின்று 25 என்று திருப்பித் தரும். பைத்தானின் ‘இன்ட்’ சரம் முழுவதும் எண்ணாக இருந்தாலொழிய ஏற்காது. ஆகவே பழைய நிரலில் 25 ஆக இருந்த வரி உங்கள் நிரலில் சுழியமாகிவிட்டது. ‘12.5’ என்பதும் அப்படியே: அங்கே 12, இங்கே பிழை.

எனினும் பழைய கூட்டுத்தொகை சரியானது என்றும் எண்ணிவிட வேண்டாம். ‘1,250’ என்று காற்புள்ளியோடு எழுதிய எடையை ‘ஏ டு ஐ’ வெறும் 1 என்றே படிக்கும். எண்ணே இல்லாத சரத்துக்கும் வாய் திறக்காமல் சுழியம் தரும். உங்கள் கடையில் எத்தனை ஆண்டுகளாக இது நடந்ததோ! மாறாக, யாராவது ‘௨௫’ என்று தமிழ் இலக்கத்தில் எழுதியிருந்தால் பழையது சுழியம் தந்திருக்கும், பைத்தானோ 25 என்று சரியாகவே படிக்கும்.

பழைய நடத்தை அப்படியே வேண்டுமானால், தொடக்க இடைவெளி, இருந்தால் ஒரு கூட்டல் அல்லது கழித்தல் குறி, அதன்பின் 0 முதல் 9 வரையிலான இலக்கங்கள் ஆகியவற்றை மட்டும் பிடிக்கும் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் வாய்பாடு) எழுதுங்கள். இலக்கத்துக்கு ‘பேக்ஸ்லாஷ் டி’ (\d) குறியைப் பயன்படுத்தினால், பைத்தானில் அது தமிழ் இலக்கத்தையும் சேர்த்தே பிடித்துவிடும்.

ஆனால் என் யோசனை வேறு. இரு நிரல்களையும் ஒரே பழைய கோப்பின் மீது ஓட்டி, விடை வேறுபடும் வரிகளை மட்டும் தனியே எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். காற்புள்ளியை நீக்குவதா, ‘கிலோ’வைப் பொறுத்துக்கொள்வதா, வெற்றுக் கட்டத்தை நிராகரிப்பதா என்பதை அவர் சொல்லட்டும், மற்றவை பிழையாகவே நிற்கட்டும். வாடிக்கையாளரின் செல்பேசி எண்ணையும் இதே வழியில் எண்ணாக்கி வைத்திருந்தால், அதைச் சரமாகவே விட்டுவிடுங்கள். 32 பிட் (32 இரும இலக்க) முழு எண்ணில் 2,147,483,647க்கு மேல் இடமில்லை, செல்பேசி எண்ணோ அதைத் தாண்டிவிடும் என்பதால், பழைய நிரல் அங்கே என்ன தந்திருக்கும் என்று சி மொழியின் விதிகளே உறுதி கூறுவதில்லை.