பஞ்சுப் பனி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 44. கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன், கணக்கு வேலை. ராத்திரி எல்லா வேலையும் முடித்து ஹால்மார்க் என்கிற அமெரிக்க டிவி சேனலின் காதல் படம் ஒன்று பார்த்தால்தான் தூக்கம் வருகிறது. "எல்லாம் ஒரே கதைம்மா, தொடங்கினதுமே முடிவு தெரிஞ்சிடும்" என்று மகன் கிண்டல் செய்கிறான். எனக்கோ பொறுமை, மன்னிப்பு, அடுத்தவர்மேல் அக்கறை எல்லாம் இந்தப் படங்கள் சொல்லிக்கொடுப்பதுபோல் இருக்கிறது. சேர்ந்து பார்க்கலாம் என்று கூப்பிட்டால் கணவர் எழுந்து போய்விடுகிறார். இது போதையா? இதிலிருந்து வாழ்க்கைப் பாடம் எடுத்துக்கொள்வது தவறா? சில நாள் கோலாலம்பூரே வேண்டாம், எங்காவது ஒரு சின்ன ஊருக்குப் போய்விடலாம் என்றும் தோன்றுகிறது. அப்பா தஞ்சோங் மாலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், இப்போது எங்களோடு இருக்கிறார். அந்தத் தோட்டம்தான் இல்லை.

எஸ்., செந்தூல்

அன்புள்ள எஸ்.,

போதையா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். நாள் முழுக்கக் கணக்கு பார்த்து, எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு ஒரு படம் பார்ப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஒரே கதை என்று மகன் சொல்வது உண்மைதான். பத்துமலை முருகனைப் பார்க்கவும் வருஷா வருஷம் அதே 272 படிதான் ஏறுகிறோம்.

ஆனால் மன்னிப்பைக் கற்றுக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் படம் எப்படிச் செய்யப்படுகிறது என்று பாருங்கள். தொலைக்காட்சியில் அதற்கு ஒதுக்கிய இடம் 2 மணி நேரம். விளம்பரம் போக மிஞ்சுவது ஏறக்குறைய 84 நிமிடம். அதை 9 பகுதியாக வெட்டுவார்கள். முதல் பகுதி நீளமாக இருக்கும், பார்க்கிறவர் சேனலை மாற்றுவதற்குள் ஆளையும் ஊரையும் பிடித்துப்போக வேண்டுமே. பாதிப் படத்தில் முத்தம் நெருங்கும், யாராவது கதவைத் தட்டிக் கெடுப்பார்கள். ஏழாவது எட்டாவது பகுதியில் பிரிவு. அநேகமாக ஒருவர் போனில் பேசுவதை இன்னொருவர் பாதி கேட்டுவிட்டு முகம் வாடிப்போய்க் காரை எடுப்பார். கடைசி நிமிடங்களில் சேர்ந்துவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவே சமாதானத்துக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நிமிடம்.

அந்த நேரத்துக்குள் மன்னித்து முடிக்க வேண்டுமென்றால் தப்பு சின்னதாக இருந்தாக வேண்டும். அதனால்தான் அங்கே கடன் கிடையாது, குடி கிடையாது, கை ஓங்குவது கிடையாது, கொழுந்தன் கல்யாணத்துக்கு அடகு வைத்த நகை கிடையாது. நகரத்தில் விட்டுவந்த பழைய காதலன்கூடக் கெட்டவன் இல்லை, எந்நேரமும் போனில் இருப்பவன், அவ்வளவுதான். அம்மாவோ முதல் கணவரோ செத்துப்போயிருந்தால் அதுவும் படம் தொடங்குமுன்பே முடிந்திருக்கும். அழுகை ஆறிய பிறகுதான் கேமரா உள்ளே வரும். இப்படிப் பொறுக்கியெடுத்த ஒரு தப்பை அவர்கள் மன்னிப்பதைப் பார்த்துவிட்டு, அதே அளவுகோலை வைத்து வீட்டிலிருக்கும் மனுஷரை அளக்கிறீர்கள். ஏம்மா, அவர் எழுந்து போகாமல் என்ன செய்வார்?

அக்கறை விஷயமும் அப்படித்தான். அந்த ஊரில் எல்லாருக்கும் நேரம் இருக்கிறது. போதும், மேலே போவோம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய சின்ன ஊர்தான் முக்கியம். சில நாளாக நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படங்களில் காசு எங்கே போகிறது என்று கவனித்தால் உங்களுக்கே புரியும். பல படங்களைக் கனடாவில் எடுக்கிறார்கள். வான்கூவருக்குப் பக்கத்தில் இருக்கிற ஃபோர்ட் லாங்லி, ஒண்டாரியோவில் அல்மோன்ட் போன்ற ஊர்களின் கடைத்தெருவை நீங்கள் வேறுவேறு பெயரில் பார்த்திருப்பீர்கள். மொத்தப் படப்பிடிப்பும் ஏறக்குறைய மூன்று வாரம். கிறிஸ்மஸ் படம் பலவற்றைக் கோடையில்தான் எடுப்பார்கள். புல்தரையில் வெள்ளைப் பஞ்சு விரிப்பு, ஓரங்களில் நுரை, முன்னால் வரும் கிளைகளில் காகிதத் துகள். கேமரா பார்க்காத இடத்தில் ஒரு பிடிகூடத் தூவ மாட்டார்கள், செலவு. நடிகர் கொஞ்சம் தள்ளி நின்றால் பின்னால் பச்சை இலை எட்டிப்பார்க்கும். எளிதில் மறைக்க முடியாத இன்னொன்றும் உண்டு: உண்மைக் குளிரில் பேசினால் வாயிலிருந்து ஆவி வரும். இன்றிரவு பாருங்கள். கம்பளிக் கோட்டும் கழுத்துத் துணியுமாக நடுங்கிக்கொண்டு பேசுவார்கள், பல படத்தில் ஆவியே வராது.

காதல் மட்டும்தான் சரக்கு என்றால் இவ்வளவு பாடு எதற்கு? இரண்டு பேரை ஒரு சமையலறையில் நிறுத்திப் பேசவைத்து எடுத்துவிடலாமே. அவர்கள் விற்பது ஊரை. கிளம்பிப் போனவளுக்காக மாறாமல் காத்திருந்த ஊர். ரொட்டிக்கடைக்காரருக்கு அவள் பெயர் தெரியும், அவள் அம்மாவைத் தெரியும், அவள் பத்து வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததும் தெரியும். உங்களைத் தூங்கவைப்பது அதுதான்.

அடிக்கடி வரும் கதை ஒன்று நினைவிருக்கும். பழைய விடுதியை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்ட ஒரு நிறுவனம் வருகிறது, வேலையை முடித்துவரக் கதாநாயகியை அனுப்புகிறது. கடைசியில் அவள் மனம் மாறும், முதலாளியும் இறங்கிவருவார், விடுதி பிழைக்கும். நம் தோட்டத்துச் சனங்களின் கதையில் யார் மனமும் மாறவில்லை. இன்று அரசாங்க அலுவலக நகரமான புத்ராஜெயா நிற்கிற இடத்தில் பிராங் புசார் ரப்பர் தோட்டம் இருந்தது. அதையும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களையும் சேர்ந்த நம் சனங்களை டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். 1999இல் பிரதமர் அலுவலகம் புத்ராஜெயாவுக்கு வந்துவிட்டது. அடுக்குமாடிச் சுவரில் விரிசல் விட்டது. தருவதாகச் சொன்ன தரை வீட்டுக்காக அந்தக் குடும்பங்கள் இருபது வருஷத்துக்கு மேல் மனு கொடுத்துக்கொண்டிருந்தன. அங்கே பிறந்த பெண் ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினால் ஏதோ ஓர் அமைச்சின் கார் நிறுத்துமிடத்தில்தான் போய் நிற்க வேண்டும்.

அதனால்தான் "எங்காவது ஒரு சின்ன ஊர்" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அந்தப் படங்களில் யாரும் "எங்காவது" போவதில்லை. தன்னைத் தெரிந்தவர்கள் இருக்கும் இடத்துக்குப் போகிறார்கள். யாரையும் தெரியாத பீடோர் மாதிரி ஒரு சின்ன ஊரில் வீடு பிடித்தால் வாடகை குறையும், கணக்கு வேலையும் குறையும், கார் இல்லாமல் சந்தைக்குக்கூடப் போக முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் உங்களோடு பேச செந்தூலில் இருப்பவர்கள்கூட அங்கே இருக்க மாட்டார்கள்.

டிவிக்கென்று படம் எடுக்கும் நம் டெலிமூவிக்காரர்களையும் இங்கேயே ஒரு வார்த்தை திட்டிவிடுகிறேன். தீபாவளிக்குத் தீபாவளி காதல் கதை எடுக்கிறார்கள், ஊரை எடுப்பவர்கள் குறைவு. ஈப்போ புந்தோங்கில் காச்சாங் பூத்தே என்கிற நொறுக்குத்தீனி செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. கடலை வறுப்பதும் முறுக்கு சுடுவதும் ஓமப்பொடி பிழிவதும் அங்கே பரம்பரைத் தொழில். கடையை மூடலாமா என்று யோசிக்கும் அப்பா, கோலாலம்பூரிலிருந்து வரும் மகள், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் குவியும் ஆர்டர். ஒன்பது பகுதிக்கும் கதை கையில் இருக்கிறது. நம் ஆட்களோ கதாநாயகன் காரிலிருந்து இறங்குவதை நாலு கோணத்தில் எடுப்பார்கள். மாவு இளகினால் எண்ணெயில் முறுக்கு எப்படிப் பிரிந்துபோகும் என்பதை ஒரு தடவைகூடக் காட்ட மாட்டார்கள்.

சரி, உங்கள் விஷயம். தோட்டம் போனாலும் பல இடங்களில் தோட்டத்துக் கோயில் போகவில்லை. பக்கத்துத் தாமான் குடியிருப்பு ஓரமாகவோ ரோட்டோரமாகவோ ஒரு துண்டு நிலத்தில் சாமியை மாற்றி வைத்திருப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்குச் சிதறிப்போனவர்கள் வண்டி பிடித்து வருவார்கள். அப்பாவிடம் கேளுங்கள்: கோயில் எங்கே மாறியது, திருவிழா எந்த மாதம், இப்போது தலைவர் யார். அவருக்குத் தெரியாவிட்டால் கூட வேலை செய்தவர்கள் யாரிடமாவது வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கும், நோட்டீஸ் அதில்தான் வரும். திருவிழாவன்று காலையில் போய் இறங்காதீர்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் யாரோடும் நாலு வார்த்தை பேச முடியாது, சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதோடு சரி. முதல் நாள் சாயங்காலமே போய்விடுங்கள். அன்னதானத்துக்குக் காய் நறுக்க உட்கார்ந்திருக்கும் கிழவிகள் பக்கத்தில் ஒரு கத்தியோடு உட்கார்ந்து "நான் இன்னாருடைய மகள்" என்று சொல்லுங்கள். மிச்சத்தை அவர்களே பேசுவார்கள்.

கணவரைப் படம் பார்க்கக் கூப்பிடாதீர்கள். இதற்குக் கூப்பிடுங்கள். அண்டா தூக்க ஆள் வேண்டும்.