டிசிஎஸ்: விஆரில் மட்டும் ஏன் திணறுகிறது?

மானிட்டரில் சீராக ஓடும் டிசிஎஸ் (DCS) என்ற போர்விமான சிமுலேட்டர் கேம், விஆர் (மெய்நிகர்) ஹெட்செட் மாட்டியதும் ஏன் திணறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 90 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 90 படம் காட்டும்போது, ஒரு ஃபிரேமுக்குக் (ஒரு படத்துக்குக்) கிடைப்பது சுமார் 11 மில்லிசெகண்ட். அதற்குள் இரண்டு கண்ணுக்கும் படம் வரைந்தாக வேண்டும்.

முதலில் ரெசல்யூஷனை மட்டும் நன்றாகக் குறைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் தடை கிராஃபிக்ஸ் கார்டுதான். சரி, ரெசல்யூஷனைப் பழைய அளவுக்கே ஏற்றிவிட்டு நிழல், மேகம், எம்எஸ்ஏஏ (விளிம்புகளின் பிசிறை நீக்கும் அமைப்பு) மூன்றிலும் கை வையுங்கள். ரெசல்யூஷன் குறைந்து காக்பிட் எழுத்துகள் மங்கினால் பறப்பதில் சுகமே இல்லை.

வேகம் கூடவில்லையா? பிராசசர்தான் மூச்சு வாங்குகிறது. மிஷனில் கம்ப்யூட்டரே இயக்கும் ஏஐ விமானங்களையும் தரைப்படைகளையும் குறையுங்கள்.

ரீப்ரொஜெக்‌ஷன் (இடைப்பட்ட படங்களை மென்பொருளே ஊகித்து நிரப்பும் வசதி) போட்டு நொடிக்கு 45 ஃபிரேமில் ஓட்டலாம். ஆனால் டாக்ஃபைட்டில் (நெருங்கிய வான்சண்டையில்) குறுக்கே பாயும் எதிரி விமானம் இரட்டையாகத் தெரியக்கூடும். ஹெட்செட்டில் 72 ஹெர்ட்ஸ் இருந்தால், ஒரு ஃபிரேமுக்குக் கூடுதல் நேரம் கிடைப்பதால், நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.