சாய்ந்த தடித்த எழுத்துக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: கல்முனையில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை திறக்கிறேன். பெயர்ப்பலகைக்கும் பில் புத்தகத்துக்கும் தடித்த, சாய்ந்த, மொட்டை எழுத்து (கோடுகளின் முனையில் சிறு கொம்பு இல்லாதது) வேண்டும். பார்த்தாலே வேகம் தெரிய வேண்டும். வடிவமைக்கும் தம்பி ஆங்கில எழுத்துரு ஒன்றை வாங்கச் சொல்கிறார். தமிழை அதே அளவுக்குத் தானே சரித்துத் தருவாராம். வாங்கலாமா ஐயா?

பதில்: ஆங்கிலத்துக்கு இந்த எழுத்து பொருத்தம்தான். நைக்கி நிறுவனம் தன் பெயரை எழுதியதும் 1927இல் ஜெர்மனியில் வெளிவந்த ஃபியூச்சுரா குடும்பத்தின் தடித்த சாய்ந்த வடிவத்தில்தான். ஆனால் காசு கொடுக்க வேண்டியவர் நீங்களா? எழுத்துரு உரிமம் பெரும்பாலும் அதை நிறுவும் கணினிக்குத்தான். தம்பியிடம் உரிமம் இருந்தால், பெயரை வடிவமாக, அதாவது எழுத்துரு இல்லாமலே திறக்கும் படமாக, மாற்றிய கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள், போதும். இணையதளத்திலும் அதே எழுத்து வேண்டுமென்றால் அதற்குப் பெரும்பாலும் தனி உரிமம் கேட்பார்கள்.

வாங்குவதென்றே முடிவெடுத்தால், தடித்த சாய்வுக்குத் தனிக் கோப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நிமிர்ந்த எழுத்தை மென்பொருளே தள்ளிச் சரித்துவிடும். ஆங்கில 'ஓ' எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: மேல் வலப்பக்கம் தடித்து, மேல் இடப்பக்கம் மெலிந்து நிற்கும். நல்ல வடிவமைப்பாளர் அதைக் கையால் திருத்தியிருப்பார். அந்த வேலைக்குத்தான் காசு.

தமிழை மட்டும் சரிக்க விடாதீர்கள். 12 பாகை சரித்தால் ஓரடி உயர எழுத்தின் தலை இரண்டரை அங்குலம் வலப்பக்கம் போய்விடும். 'ர்ஸ்' என்று எழுதினால் புள்ளி யாருடையது என்றே தெரியாது. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசமே அந்தச் சின்ன வால்தானே. தடிப்பும் சாய்வும் சேர்ந்தால் அதுவும் அமுங்கிப்போகும். பிரதான வீதியில் பைக்கில் போகிறவர் நின்று படிக்கப்போவதில்லை.

தமிழை நிமிர்த்தியே, தடிப்பாக வையுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் இரண்டும் இலவசம். கடைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். சாய்வு வேண்டுமென்றே அடம்பிடித்தால் நம் நாட்டுத் தாரிக் அசீஸ் வரைந்த கவிவனார் இருக்கிறது. அழகுதான், ஆனால் கையெழுத்துச் சாயல். தேநீர்க் கடைக்கு எடுபடும், பிரேக் கேபிள் விற்கும் கடைக்கு எனக்கென்னவோ ஒட்டவில்லை.

கேள்வி: அக்கரைப்பற்றில் எங்கள் கிரிக்கெட் கழக ஜெர்சி இலக்கங்களுக்கும் இதே எழுத்தைப் போடலாமா?

பதில்: போடலாம். இலக்கங்களில் புள்ளியும் இல்லை, காலும் இல்லை. 6, 8, 9 மூன்றையும் மட்டும் அச்சிட்டுத் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் வெள்ளை அடைபட்டால் ஒரு படி மெல்லிய எழுத்தை எடுங்கள். 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்று போட்ட இலவச எழுத்துருவை ஜெர்சி தைத்து விற்கும் கடைக்காரர் பயன்படுத்தக் கூடாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.