கொடுத்தே பழகியவள் எப்படி வாங்குவது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எனக்கு 66 வயது. சிங்கப்பூரில், ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடொன்றில் தனியாக வசிக்கிறேன். கணவர் சில ஆண்டுகளுக்கு முன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மகன் குடும்பத்தோடு பொங்கோலில் இருக்கிறான்.

எங்கள் புளோக்கின் கீழே உள்ள சமூகத் தோட்டத்தைத் தொடங்கியவர்களில் நானும் ஒருத்தி. கறிவேப்பிலை, பாண்டான், பாகல், பூசணி, நீலச் சங்குப்பூ எல்லாம் உண்டு. விளைவதை அக்கம்பக்கத்தாருக்குப் பங்கிட்டுக் கொடுப்பேன். சபையில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும், யார் வீட்டில் துக்கம் என்றாலும், சமைத்து எடுத்துக்கொண்டு முதலில் போய் நிற்பவளும் நான்தான். ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் தேவன் மனிதனை வைத்தார் என்ற வசனம் எனக்கென்றே எழுதப்பட்டதாக நினைத்து வாழ்ந்திருக்கிறேன்.

அண்மையில் எனக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது சபைப் பெண்கள் முறை வைத்து உணவு கொண்டுவருகிறார்கள். அன்பு புரிகிறது. ஆனால் எல்லாமே நுரைப்பெட்டியிலும் பிளாஸ்டிக் பையிலும் வருகிறது. இங்கே குப்பையை எரித்து, சாம்பலைச் செமக்காவ் தீவில் கொட்டுகிறார்கள். 1999இல் திறக்கப்பட்ட அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை, தேவனின் படைப்பைக் காப்பதற்காகச் சபைகள் அனுசரிக்கும் படைப்பின் காலத்தில் இதைப் பற்றிச் சபையில் பேசியவளே நான். பெட்டியைத் திறந்தால் சோறு தொண்டையில் இறங்குவதில்லை. வேண்டாம் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறேன். அவர்கள் முகம் வாடுகிறது. பெட்டி இல்லாமல் பாத்திரத்தில் வந்தாலும் வாங்கக் கை கூசும் என்றே தோன்றுகிறது.

மூன்றாம் மாடியில் இருக்கும் சீனப் பெரியவர், தண்ணீர் ஊற்றுவதற்காகத் தோட்டத்துச் சாவியைக் கேட்கிறார். பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் (வயதில் மூத்த அம்மா) கடைக்குப் போகும்போதெல்லாம் கதவைத் தட்டுகிறார். மகன் பணிப்பெண் வைக்கலாம் என்கிறான். எல்லாருக்கும் என் பதில், “நானே பார்த்துக்கொள்கிறேன்.” இரவில் தூக்கம் வருவதில்லை. ‘வாங்குகிறதைப் பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்’ என்ற வசனத்தில் வளர்ந்தவள். கொடுக்க முடியாத நான் எதற்கு?

இப்படிக்கு,
ஈசூன் சகோதரி


அன்புள்ள சகோதரிக்கு,

நுரைப்பெட்டியைப் பார்த்து நீங்கள் வருந்துவது முற்றிலும் நியாயம். அதை யாரும் பிடிவாதம் என்று சொல்ல விடாதீர்கள். ஆனால் வாங்கக் கூசுவது வேறு வருத்தம். இரண்டும் பின்னிக் கிடப்பதால்தான் உங்களுக்கு இத்தனை பாரம். பெட்டியின் சிக்கலை இந்த வாரமே தீர்த்துவிடலாம் என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

முறை வைத்திருக்கும் சகோதரிகளில் உங்களுக்கு நெருக்கமானவரை அழைத்து, “உங்கள் சமையல் எனக்கு வேண்டும். என் டிபன் கேரியரில் கொண்டுவர முடியுமா?” என்று கேளுங்கள். இரண்டு கேரியர் இருந்தால் ஒன்று வரும்போது மற்றொன்று போகும். 2023 ஜூலையில் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு என்று வந்த பிறகு நாம் வீட்டிலிருந்து பை எடுத்துப்போகப் பழகவில்லையா? சபையாரும் பழகுவார்கள். இடையில் ஒரு நாள் பெட்டியிலேயே வந்துவிட்டால் வாங்கிச் சாப்பிடுங்கள். அரிசியும் காய்கறியும், அடுப்படியில் நின்று சமைத்தவரின் நேரமும் படைப்பின் கணக்கில்தான் சேரும். திருப்பி அனுப்பினால் அவையும் வீணாகும்.

இனி, வாங்கக் கூசும் கைக்கு வருகிறேன். நீங்கள் பற்றிக்கொண்டிருக்கும் வசனத்தை எபேசு சபை மூப்பரிடம் சொன்னவர் பவுல். அதே பவுல், பிலிப்பி சபையார் தமக்கு உதவி அனுப்பியதை நன்றியோடு நினைத்து எழுதுகிறார். தம் உபத்திரவத்தில் அவர்கள் பங்குகொண்டது நல்லது என்கிறார். இயேசுவும் அவருடைய சீடர்களும் ஊர் ஊராக நடந்தபோது தங்கள் ஆஸ்திகளால் அவர்களைத் தாங்கியவர்கள் சில பெண்கள் என்று லூக்கா எழுதிவைத்திருக்கிறார். இப்படி வாங்கிக்கொண்டவர்கள் யாரும் கொடுப்பதை நிறுத்திவிட்டவர்கள் அல்லர். கொடுப்பது பாக்கியம் என்றால், இத்தனை ஆண்டுகள் உங்களுக்குக் கிடைத்த அந்தப் பாக்கியம் உங்கள் சபைப் பெண்களுக்கும் ஒரு முறையாவது கிடைக்கட்டுமே!

ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதனை வைத்தது 15ஆம் வசனம். மனிதன் தனிமையாயிருப்பது நல்லதல்ல, அவனுக்கு ஏற்ற துணை வேண்டும் என்று தேவன் சொல்வது 18ஆம் வசனம். மனிதன் இன்னும் பாவம் செய்யவில்லை, நோய்ப்படவில்லை, முழங்கால் தேயவில்லை. அப்போதே அவனுக்குத் துணை தேவைப்படுகிறது. துணை தேவைப்படுவது குறைபாடு என்றால் ஏதேனிலேயே அந்தக் குறைபாடு இருந்திருக்க வேண்டும்.

உங்கள் பூசணிக்கொடி எப்படிக் காய்க்கிறது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. நடுவில் ஒரு தேனீ வராவிட்டால் பிஞ்சு பழுத்து உதிர்ந்துவிடும். 104ஆம் சங்கீதம் நாரையையும் வரையாட்டையும் சிங்கத்தையும் வேலைக்குப் போகும் மனிதனையும் சேர்த்தே பேசிவிட்டு, இவை எல்லாம் ஏற்ற வேளையில் ஆகாரம் கிடைக்கும் என்று தேவனை நோக்கிக் காத்திருக்கின்றன என்கிறது. படைப்பைக் காப்பவராக மட்டுமே உங்களைப் பார்த்துப் பழகிவிட்டீர்கள். நீங்களும் படைக்கப்பட்டவர், சகோதரி. அறுவை சிகிச்சை முடிந்த அந்த முழங்காலும் உங்கள் பராமரிப்பில் விடப்பட்ட படைப்புதான்.

இன்னொன்றையும் கேட்கிறேன், பதில் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணவர் போன பிறகு நீங்கள் உட்கார்ந்து அழுதீர்களா? தோட்டம், சமையல், சபை என்று ஓடியவருக்கு அதற்கு நேரம் கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை. கால் நின்றதும் அந்தத் துக்கம் இப்போது வந்து சேர்ந்திருக்கலாம். இரவுத் தூக்கம் கெடுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். போதகரிடமோ மனத்துக்கு நெருங்கிய தோழியிடமோ அவரைப் பற்றிப் பேசுங்கள்.

மூன்றாம் மாடிப் பெரியவரிடம் சாவியைக் கொடுங்கள். அவர் உங்களைப் போல் செய்யமாட்டார் என்ற கவலை இருக்கும். உண்மைதான், அவர் வேறு விதமாகத்தான் செய்வார். விட்டுக்கொடுக்கக்கூடாதவற்றை மட்டும் சொல்லிவிடுங்கள்: ஏடிஸ் கொசு பெருகாதபடி தொட்டித் தட்டுகளில் தண்ணீர் தேங்கக்கூடாது, தேனீ வரும் காலை நேரத்தில் பூக்களின்மேல் மருந்து தெளிக்கக்கூடாது. மீதியை அவர் போக்கில் விடுங்கள். கால் தேறியதும் உயர்த்திக் கட்டிய பாத்தி ஒன்றைக் குடியிருப்பாளர் குழுவிடம் கேளுங்கள். தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் வாடகைக்கு விடும் பாத்திகள் அப்படித்தான் இருக்கின்றன. தரையில் மண்டியிடாமல், முக்காலியில் உட்கார்ந்தபடியே களை எடுக்கலாம்.

மக்சிக்கிடம் அடுத்த முறை ஒரு பொருளாவது வாங்கிவரச் சொல்லுங்கள். பணிப்பெண் வேண்டுமா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் மகனிடம், “மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் நீ கூட வா” என்று கேளுங்கள். பொத்தாம்பொதுவாக “உதவி வேண்டுமா?” என்று கேட்பவருக்கு “வேண்டாம்” என்பது எளிது. இன்ன நாள், இன்ன வேலை என்று நீங்களே சொல்லும்போது எதை, எப்படி ஏற்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

‘நான் எதற்கு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தூக்கமின்மை தொடர்ந்தால் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் எந்த நேரமானாலும் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 என்ற எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் பேச ஆள் உண்டு.

அன்புடன்,
ஆலோசகர்