வீட்டின் பேரில் கடன் வாங்கி டாக்டராக்க வேண்டாம்

மகனை என்ன படிக்க வைக்கலாம் என்று டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதிக் கேட்ட அம்மாவுக்கு,

மகன் பதினோராம் வகுப்பு. கணக்கும் இயற்பியலும் நன்றாக வருகிறது, உயிரியல் சுமார், ராத்திரியில் பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். உங்கள் அண்ணனோ, இங்கே இடம் கிடைக்காவிட்டால் வீட்டின் பேரில் கடன் வாங்கியாவது வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வை என்கிறார். ஆறுதல் சொல்ல மாட்டேன், அம்மா. அந்தக் கடனை அடைக்கப்போவது அண்ணன் இல்லை, நீங்கள். படித்துத் திரும்பினாலும் இங்குள்ள மருத்துவ கவுன்சிலின் தேர்வைத் தாண்ட வேண்டும். பையனுக்கே ஆசை இல்லாத படிப்புக்கு இவ்வளவும் எதற்கு?

அக்கவுண்டிங், சட்டமெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வருவது உலோக 3டி பிரிண்டிங், அதாவது உலோகத்தை அடுக்கடுக்காகச் சேர்த்துப் பாகம் செய்வது. அதில் உருகிய உலோகத்தைச் சொட்டுச் சொட்டாக அடுக்கிப் பாகம் செய்யும் முறை ஒன்று உண்டு. அலுமினியக் கம்பி சின்ன உலைக்குள் இறங்கி, 660 டிகிரியில் உருகும். உருகியது வெளியேறும் சிறு துளையான நாசிலைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மின்துடிப்பு பாயும்போதெல்லாம் காந்த விசை ஒரு சொட்டை வெளியே தள்ளும். கீழேயுள்ள தட்டு சூடாக இருந்தால்தான் புதுச் சொட்டு முந்தையதோடு கலந்து இறுகும். ஆறிப்போனால் நடுவே இடைவெளி விழுந்து, பாகம் அங்கேயே விரிசல் விடும். உலோகத் தூளை லேசரால் உருக்கி அடுக்கும் இன்னொரு முறையும் உண்டு; அதற்கு வேண்டிய, தீப்பிடிக்கக்கூடிய தூள் இதற்குத் தேவையில்லை. அமெரிக்காவில் ஒரு அப்பாவும் மகனும் தொடங்கிய வேலை இந்தச் சொட்டு முறை. ஜெராக்ஸ் 2019-ல் அவர்கள் நிறுவனத்தை வாங்கியது. 2022-ல் அந்த மெஷின் எசெக்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் ஏறியது. மோட்டாரைப் பிரிக்கும் பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போகும்!

நம் தென்னாப்பிரிக்காவில் லேசர் முறைதான் அதிகம். புளூம்ஃபொன்டைனில் உள்ள மத்திய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 3டி பிரிண்டிங் மையம் 1997-லிருந்து இயங்குகிறது. டைட்டானியத்தில் தாடை எலும்புகூடச் செய்து நோயாளிகளுக்குப் பொருத்தியிருக்கிறார்கள். முறை எதுவானாலும் உலோகம் எப்படி உருகி இறுகுகிறது என்ற அடிப்படை ஒன்றுதான்.

முதலில் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல். வீட்டிலிருந்தே போய் வரலாம், ஹாஸ்டல் செலவு மிச்சம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் என்றால் என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசு மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பியுங்கள். அப்புறம் மேற்படிப்புக்கு புளூம்ஃபொன்டைன் போகலாம்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பள்ளியிறுதித் தேர்வான மெட்ரிக்கில் மதிப்பெண் ஏறும் என்று யாராவது மேத்ஸ் லிட்டரசி என்ற எளிய, அன்றாடக் கணக்குப் பாடத்துக்கு மாறச் சொல்வார்கள். மாறினால் பொறியியல் கதவு மூடிவிடும். இந்த டெர்மிலேயே கணக்கு டியூஷனுக்குச் சேர்த்துவிடுங்கள்.