குதிகால் ஊன்றாத மகனைப் பெங்களூருக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: எட்டாம் மாதத்தில் பிறந்த என் மகனுக்கு மூன்று வயது. மூளை முடக்குவாதம் என்கிறார் மருத்துவர். பிடித்துக்கொண்டு நிற்கிறான், கால்கள் கத்தரிபோலப் பின்னுகின்றன, குதிகால் தரையில் படுவதில்லை. பெங்களூரில் ஒரு மாதம் தங்கிப் பயிற்சி எடுத்தால் நடந்துவிடுவான் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். போகலாமா?
— ஒரு தாய், பாலக்கோடு

கடன் வாங்கிப் போகாதீர்கள் அம்மா. மூளையில் நேர்ந்த சேதம் இனி வளராது. ஆனால் எலும்பு வளர வளர, இறுகிய கெண்டைச்சதை அதற்கு ஈடுகொடுக்காமல் குதிகாலை மேலே இழுக்கும். ஒரு மாதம் நீட்டிவிட்டு ஐந்து மாதம் சும்மா இருந்தால் பழைய இறுக்கமே திரும்பும்.

வீட்டிலேயே தாழ்வான முக்காலியில் உட்காரவையுங்கள். பாதம் முழுவதும் தரையில் பதியும்படி முழங்காலைக் கையால் மெல்ல அழுத்தி, எதிரே பிடித்த பொருளைக் காட்டி எழுந்திருக்கச் சொல்லுங்கள். வேளைக்குப் பத்து முறை, மூன்று வேளையும் சோறூட்டும் முன். எண்ணெய் தேய்த்து வெடுக்கென்று இழுப்பது கூடாது. நடுவில் உட்காரவைக்கும் வட்டமான பிளாஸ்டிக் நடைவண்டியும் வேண்டாம். அது நுனிக்காலால் உந்தவே பழக்கும். கனடாவில் 2004 முதல் அதன் விற்பனைக்கே தடை. தள்ளிக்கொண்டு போகும் நம் மர நடைவண்டி வேறு, அதைக் குறை சொல்லவில்லை.

அந்தத் ‘தெரிந்தவர்’ அடுத்து, மூளையைச் சரிசெய்யும் என்று ஸ்டெம் செல் (குருத்தணு) ஊசி என்பார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் இந்த நோய்க்கு அதற்கு இடமில்லை. பிளாஸ்டர் அச்சு எடுக்காமல், நாடாவால் அளந்தே கால் தாங்கி விற்பவரிடமும் ஏமாறாதீர்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள், அட்டை இலவசம். அதற்காகக் கைக்குழந்தையோடு எத்தனை முறை பஸ் ஏறவைக்கிறார்கள் என்று நான் எழுதத் தொடங்கினால் பத்தி போதாது.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ‘மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம்’ எங்கே என்று கேளுங்கள். வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் இடம் அது. பெயரைச் சொல்லி முடிக்கவே மூச்சு வாங்கும், கட்டணம் கிடையாது. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கான மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, பயிற்சிச் செலவும் ஒரு வரம்புக்குள் அடங்கும். கல்வித் துறையின் வட்டார வள மையத்திலும் பதிவு செய்யுங்கள். அங்கிருந்து மலைக் கிராமம் மலைக் கிராமமாக அலையும் பயிற்சியாளரை வாரம் ஒருமுறை பார்த்தாலே பெரிது. அவர்மேல் குற்றமில்லை, ஒரே ஆளை அத்தனை ஊருக்கும் அனுப்புகிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இதை வாசிக்கும் வேறு தாய்மார்களுக்கு ஒன்று. நுனிக்காலில் நடப்பதெல்லாம் மூளை முடக்குவாதம் அல்ல. நன்றாக நடந்த ஆண் குழந்தை மூன்று, நான்கு வயதுக்கு மேல் அடிக்கடி விழுகிறான், கெண்டைக்கால் புடைத்திருக்கிறது, தொடையில் கையூன்றியே எழுகிறான் என்றால் அது தசைச்சிதைவு நோயாக இருக்கலாம். தாய்மாமனுக்கு அப்படி இருந்ததா என்றும் விசாரியுங்கள். தசைச் சேதத்தைக் காட்டும் சி.பி.கே. இரத்தப் பரிசோதனை பார்க்காமல் எந்தப் பயிற்சியும் தொடங்கக் கூடாது. அந்தத் தசையைக் கடுமையாக வேலை வாங்கினால் சேதம் கூடும்.

உங்கள் மகனுக்கு இன்னொன்று. கால் பின்னும் குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு வலியே இல்லாமல் நழுவும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இடுப்பு எக்ஸ்ரே வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.