பாடத்திட்டத்தை மாற்றினால் வகுப்பறை மாறிவிடுமா?

கேள்வி: ஒரு நாடு தன் தேசியப் பாடத்திட்டத்தை மாற்றும்போது பள்ளிகளில் நிஜமாக என்ன நடக்கிறது? பின்லாந்து மாதிரி நாமும் மாற்றிவிட்டால் சரியாகிவிடாதா?

நான் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். சமச்சீர் கல்வி வந்தபோதும், 2018-ல் புதிய புத்தகங்கள் வந்தபோதும் வகுப்பில் நின்றவன். வெளிநாடுகளைப் பற்றிச் சொல்லப்போவது படித்துத் தெரிந்துகொண்டது, அவ்வளவுதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடத்திட்டம் எந்த அளவுக்கு "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடுகிறதோ, அந்த அளவுக்கு அந்த இடத்தைப் பள்ளியின் வசதியும் பெற்றோரின் பணமும் வந்து நிரப்பும். சுமையைக் குறைக்கிறோம், ஆசிரியருக்குச் சுதந்திரம் தருகிறோம் என்று ஒரு அமைச்சர் சொன்னால் எல்லோரும் கைதட்டுவோம். நானும் தட்டுவேன். அந்தச் சுதந்திரம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பிறகு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று வேண்டுமென்றே மட்டமாக வகுத்து வைத்திருந்த கல்வி அது. 1994-ல் நிறவெறி ஆட்சி ஒழிந்ததும் அதை அடியோடு தூக்கியெறிய நினைத்தது நியாயமே. 1997-ல் 'கரிக்குலம் 2005' என்ற புதுப் பாடத்திட்டம் அறிவிக்கப்பட்டு, 1998-ல் முதல் வகுப்பில் நடைமுறைக்கு வந்தது. மனப்பாடம் ஒழிய வேண்டும். பாடப்புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழக்கூடாது. பிள்ளை கடைசியில் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் அரசு சொல்லும். எதை வைத்து, எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது என்பது ஆசிரியர் பாடு. காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது, இல்லையா?

ஆசிரியர் கைக்கு வந்த ஆவணத்தைப் பாருங்கள். எட்டு கற்றல் துறைகள். அவற்றில் மொத்தம் 66 கற்றல் விளைவுகள். ஒவ்வொரு விளைவுக்கும் கீழே மதிப்பீட்டு அளவுகோல், எல்லைக் குறிப்பு, செயல்திறன் குறியீடு என்று அடுக்கடுக்காக. இதற்கு ஆசிரியர்களுக்குக் கிடைத்தது சில நாள் பயிற்சி. நூலகம் கிடையாது, கைவசம் இருந்த பழைய புத்தகத்தையும் நம்பாதே என்று சொல்லியாகிவிட்டது, வகுப்பு நிரம்பி வழிகிறது. நிறவெறிக் காலத்தில் கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த 'டவுன்ஷிப்' குடியிருப்புகளில் இருந்த அப்படிப்பட்ட பள்ளியில் ஒரு ஆசிரியர் என்னதான் செய்வார்? பெஞ்சைத் திருப்பிப் போட்டுப் பிள்ளைகளைக் குழுக் குழுவாக உட்கார வைத்தார். புது முறை என்றால் அதுதான் என்று பலரும் புரிந்துகொண்டார்கள். அந்தக் காலத்தில் வகுப்பறைகளைப் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள் எழுதியதும் இதைத்தான்: வடிவம் வந்துவிட்டது, உள்ளே சரக்கு இல்லை, பிள்ளைகள் படிப்பதும் எழுதுவதும் சொற்பம்.

அதே ஆவணம்தான் முன்னாள் வெள்ளையர் பள்ளிகளுக்கும் போனது. அங்கே நூலகம் இருந்தது, வகுப்பில் கூட்டம் குறைவு, நல்ல பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், பாடம் தயாரிக்க நேரம். அவர்கள் ஓரளவு நன்றாகவே சமாளித்தார்கள். யாரைக் கைதூக்கிவிடக் கொண்டுவந்தார்களோ அவர்கள் தலையில்தான் விழுந்தது. ஜோனதன் ஜான்சென் என்ற கல்வியாளர் இது தேறாது என்று ஆரம்பத்திலேயே எழுதினார். 2000-ல் லிண்டா சிஸம் தலைமையிலான குழுவும் ஆராய்ந்துவிட்டு, மொழி புரியவில்லை, பயிற்சி போதவில்லை, அவசரப்பட்டுவிட்டோம் என்று பட்டியல் போட்டது. பல் பிடுங்கிய பிறகு எக்ஸ்ரே எடுத்த மாதிரி.

இதற்குப் பிறகு நடந்ததை யாரும் அதிகம் பேசுவதில்லை. 2012-லிருந்து 'காப்ஸ்' என்ற புதுத் திட்டம். இது நேர் எதிர்த் திசை: எந்தப் பருவத்தில் எந்தப் பாடம், எத்தனை மணி நேரம் என்று அட்டவணை, மாணவர் கையில் அரசு அச்சிட்ட பயிற்சி நூல். இப்போது புகாரும் எதிர்த் திசையில். பிள்ளைக்குப் புரிந்ததோ இல்லையோ, நேரம் முடிந்தால் அடுத்த பாடம். 2021-ல் நடந்த 'பெர்ல்ஸ்' என்ற சர்வதேச வாசிப்புத் தேர்வில் அங்கே நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் பொருள் புரிந்து வாசிக்கும் நிலையில் இல்லை. கொரோனா காலம் என்று தள்ளவும் முடியாது, 2016-லேயே அது 78. தளர்த்திப் பார்த்தார்கள், இறுக்கியும் பார்த்தார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் அந்த முதல் மூன்று வருடத்தில் நல்ல ஆசிரியர் இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

வசதியான நாட்டில் கதை வேறாக இருக்கும் என்று நினைத்தால் ஜப்பானைப் பாருங்கள். பிள்ளைகள் பிழியப்படுகிறார்கள், கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று 'யுதோரி' கல்வி கொண்டுவந்தார்கள். 2002-ல் பாடத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தைக் குறைத்து, சனிக்கிழமைப் பள்ளியையும் நிறுத்தினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நுழைவுத் தேர்வு அப்படியே இருந்தது! பெற்றோர் சும்மா இருப்பார்களா? காசு உள்ளவர்கள் பிள்ளையை 'ஜுக்கு' என்ற டியூஷன் சென்டருக்கு அனுப்பினார்கள், பல தனியார் பள்ளிகள் சனிக்கிழமை வகுப்பை விடவே இல்லை. 2003-ல் நடந்த 'பிசா' என்ற சர்வதேசத் தேர்வில் ஜப்பான் கணிதத்தில் முதலிடத்திலிருந்து ஆறாவது இடத்துக்கும், வாசிப்பில் எட்டிலிருந்து பதினான்குக்கும் இறங்கியதும் நாடே அலறியது. அந்தத் தேர்வை எழுதிய பதினைந்து வயதுப் பிள்ளைகள் புதுத் திட்டத்தில் படித்தது ஓராண்டுக்குச் சற்று மேல்தான் என்பதை எத்தனை பேர் யோசித்தார்களோ. 2011-ல் பாடவேளைகளைத் திரும்பக் கூட்டிவிட்டார்கள்.

கென்யாவில் 2017-ல் தொடங்கிய திறன்வழிப் பாடத்திட்டத்தில் பெற்றோருக்கு வேறு மாதிரி வலி. செய்முறை, புராஜெக்ட் என்று வீட்டுக்கு வந்த வேலையை இரவில் அம்மா அப்பாதான் செய்துகொண்டிருந்தார்கள். படம் பிரின்ட் எடுக்கக் கடைக்கு அலைச்சல், செலவு. 2023-ல் ஏழாம் வகுப்பைத் தொடக்கப் பள்ளி வளாகத்திலேயே வைத்தார்கள். அறிவியல் செய்முறை உண்டு, பல பள்ளிகளில் லேப்தான் இல்லை.

நம்மூருக்கு வருகிறேன். சமச்சீர் கல்விச் சட்டம் 2010-ல் வந்து, அந்த ஆண்டே ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் தொடங்கியது. 2011-ல் ஆட்சி மாறியதும் நிறுத்தப் பார்த்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் ஆகஸ்ட் 9-ல்தான் தீர்ப்பு வந்தது. ஜூனில் பள்ளி திறந்து அதுவரை பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லை. நாங்கள் பின்னம், வகுத்தல், வாய்ப்பாடு என்று அடிப்படைக் கணக்கைத் திரும்பத் திரும்ப நடத்தினோம். உண்மையைச் சொன்னால், சில பிள்ளைகளுக்கு அது நன்மையாகக்கூடப் போயிற்று.

2018 புத்தகங்கள் எனக்குப் பிடித்தவை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பயிற்சி எப்படி நடந்தது தெரியுமா? மாநில அளவில் சிலருக்கு, அவர்கள் வழியாக மாவட்டத்துக்கு, அங்கிருந்து வட்டாரத்துக்கு. எங்களுக்கு வந்த கருத்தாளரும் எங்களைப் போல ஒரு ஆசிரியர்தான். அவருக்கே அப்போதுதான் பயிற்சி முடிந்திருந்தது. பிபிடியைப் போட்டு வரிவரியாக வாசித்தார். நிகழ்தகவுப் பாடத்தில் ஒருவர் சந்தேகம் கேட்டார். "மேலே கேட்டுச் சொல்கிறேன் சார்" என்று குறித்துக்கொண்டார். தேநீர், கையெழுத்து, குரூப் போட்டோ. பதில் இன்றுவரை வரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், நான் அந்த இடத்தில் நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பொதுத்தேர்வுக்கு இனி மார்க் பங்கீட்டை முன்கூட்டியே சொல்லும் புளூ பிரிண்ட் இல்லை, பாடத்தின் உள்ளேயிருந்தும் கேள்வி வரும் என்றார்கள். முதல் வருடம் எல்லோருக்கும் கொஞ்சம் பயம் இருந்தது. பழைய வினாத்தாள்கள் சேரச் சேர, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் என்று கைடு போடுகிறவர்களே புளூ பிரிண்ட் தயாரித்துவிட்டார்கள். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்குப் பாடத்தின் கடைசியில் இருக்கும் புக் பேக் கேள்வி, ஒரு மார்க், வரைபடம், செய்முறை வடிவியல் என்று நாங்களும் பழைய பாதைக்கே திரும்பினோம். தேர்ச்சி சதவீதத்தைக் கேட்டு மீட்டிங் வைக்கிற வரைக்கும் அது மாறாது.

இனி உங்கள் பின்லாந்து. 2016-ல் அவர்கள் கொண்டுவந்த திட்டம்தான் இங்கே வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது பல பாடங்களைச் சேர்த்து ஒரே பொருளைப் படிப்பது, உள்ளூர் நிர்வாகமும் பள்ளியும் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே எழுதிக்கொள்வது எல்லாம் உண்மை. ஆனால் வரிசையைப் பாருங்கள். 1970களில் அவர்கள் பொதுப் பள்ளி முறைக்கு மாறியபோது பாடத்திட்டம் நூற்றுக்கணக்கான பக்கம், எல்லாமே மையத்திலிருந்து. பள்ளி ஆய்வாளர்களும் இருந்தார்கள். அந்தப் பத்தாண்டின் கடைசியில், தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் பல்கலைக்கழக முதுகலைப் பட்டம் வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அப்படிப் படித்து வந்தவர்கள் வகுப்பறைகளை நிரப்பிய பிறகு, 1985-ல் கொஞ்சம், 1994-ல் நிறைய என்று பிடியைத் தளர்த்தினார்கள்.

ஆகவே 2016-ன் பின்லாந்தைக் காப்பியடித்தால் நமக்குக் கிடைக்கப்போவது 1998-ன் தென்னாப்பிரிக்காதான் என்பது என் கணிப்பு. 1970களின் பின்லாந்தைக் காப்பியடிக்க யாராவது தயார் என்றால் முதல் ஆளாக வருகிறேன். என்ன, பி.எட். கல்லூரிகளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.